இரைச்சல் நின்ற ஞாயிறு

மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை, நான்காம் மாடி வீடு ஒன்றின் சாப்பாட்டு மேசையில் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் ஒன்று திறந்து கிடந்தது. கண்ணாடிக் குழல் வால்வு வைத்த பழைய பாணி ஆம்ப், வீட்டிலேயே செய்தது.

செய்தவர் லிஃப்ட் மெக்கானிக். அவரும் மனைவியும் சேர்ந்து தொடங்கிய வேலை. பாதியில் மனைவிக்கு வெளிநாட்டு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. கிட்டார் வாசிக்கிறவள் அவள்தான். "இது இரைச்சல் இல்லாம பாடுற அன்னிக்கு டிக்கெட் போடுறேன்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். மெக்கானிக் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆம்ப் பாடியது. கூடவே உறுமியது.

"என்ன மாமா, வீட்டுக்குள்ள தேனீ வளர்க்கிறீங்களா?" என்று கேட்டபடியே வந்தான் மனைவியின் தம்பி. பஸ் ஓட்டுகிறவன், வீட்டில் அவனுக்கு ஹாரன் என்று பெயர்.

"வாய மூடிட்டு டார்ச்சப் புடி மாப்ளே."

கிட்டாரைக் கழற்றினாலும் உறுமல் போகவில்லை. புது வால்வு போட்டும் போகவில்லை. வால்யூமைக் குறைத்தால் மட்டும் குறைந்தது. அந்தக் குமிழுக்கு முன்னால் எங்கோ நுழைகிறது என்பது வரை அவருக்குத் தெரியும். மனைவியிடம் கேட்டிருக்கலாம், ஒலிபெருக்கி வாடகைக் கடையில் வளர்ந்தவள். கேட்க மனம் வரவில்லை. உறுமல் இருக்கும்வரை, அவள் வராததற்கு உறுமல்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாராந்தர அழைப்பு வந்தபோது ஹாரன்தான் போனை எடுத்தான். "அக்கா, மாமாவோட பொட்டி உறுமுது. நீயே கேளு."

அவள் கேட்டாள். "எர்த் ஒயரெல்லாம் எங்கெங்க கட்டியிருக்கீங்க?"

"அது அதுக்குப் பக்கத்துல இருக்கிற தகட்டுலதான். ஒவ்வொண்ணுக்கும் தனி ஸ்குரு. கல்லு மாதிரி நிக்குது."

அவள் சிரித்தாள். "லிஃப்டுக்குக் கட்டுற மாதிரியே கட்டி வெச்சிருக்கீங்க."

"நல்லவேளை, கதவு வெக்கல" என்றான் ஹாரன்.

லிஃப்டில் கண்ட இரும்பையெல்லாம் பக்கத்து இரும்போடு பிணைத்தால்தான் உயிருக்குப் பாதுகாப்பு; கை அப்படிப் பழகியிருந்தது. ஆம்பில் அப்படிக் கட்டினால் எர்த் முனைகளுக்கு நடுவே மின்சாரம் சுற்றிச் சுற்றி உறுமும்.

"கரண்ட் வர்ற ஒயரோட எர்த் மட்டும் அதே இடத்துல இருக்கட்டும். மத்ததையெல்லாம் ஒரே புள்ளிக்குக் கொண்டாங்க" என்றாள்.

மதியம் முழுக்க எர்த் ஒயர்களைக் கழற்றி ஒரே புள்ளியில் பற்றவைத்தார். சாயங்காலம் அவரே அழைத்து, போனை ஸ்பீக்கர் முன்னால் பிடித்தார்.

"கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலையே. ஆன் பண்ணீங்களா?"

"பண்ணி அஞ்சு நிமிஷம் ஆச்சு."

ஹாரன் கிட்டாரை எடுத்து ஆம்பில் செருகினான்.

"ஒரு தந்திய மீட்டுங்க" என்றாள். வாசிக்கத் தெரியாத விரலால் மீட்டினார். ஒலி தேய்ந்து அடங்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டிக்கெட்?" என்றார்.

"லீவு கேட்டுப் பாக்குறேன்."

அந்த வாரமே கேட்டாள். ஆள் பற்றாக்குறை என்று மருத்துவமனை மறுத்துவிட்டது. அந்த ஆண்டு அவள் வரவில்லை.