ஆகஸ்டில் வாங்கிய அறுபத்தொன்று

எங்கள் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில், ஆகஸ்டில் சீசன் தொடங்கும் முன் எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு மூளைப் பரீட்சை உண்டு. சொற்களைக் காட்டி மறைப்பார்கள். எவையெல்லாம் வந்தன என்று பிறகு கேட்பார்கள். நடுவில் யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே பரீட்சை மறுபடியும். ஆகஸ்டில் எடுத்த மதிப்பெண் வந்தால் ஆடலாம். குறைந்தால் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

அதனால் ஆகஸ்டில் எங்களில் ஒருவனும் ஒழுங்காக எழுதுவதில்லை. "நல்லா எழுதித் தொலைச்சிடாதடா கோல்பி. மக்கு மாதிரி எழுது. அப்புறம் எவ்ளோ அடி வாங்கினாலும் நீ பாஸ்" என்பான் என் அறைத்தோழன் டெஸ்மண்ட். சந்தேகம் வராத அளவுக்கு மக்காக இருப்பதும் ஒரு சாமர்த்தியம். இந்த வருடம் நான் கச்சிதமாக நூற்றுக்கு அறுபத்தொன்று வாங்கினேன். பெருமை வேறு.

எட்டு வெற்றி, ஒரு தோல்வி. இனி ஒரே ஆட்டம், வருகிற சனிக்கிழமை, அதுவும் நார்வுட் கல்லூரியோடு. ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பையாக ஒரு துருப்பிடித்த பால் கேன். பதினொரு வருடமாக அது அவர்களிடம் இருக்கிறது. நான் கடைசி வருடம். அதற்கப்புறம் எனக்கு ஆட்டச் சனிக்கிழமைகள் கிடையாது.

போன சனிக்கிழமை, பந்தோடு ஓடிவந்தவனைத் தலையால் முட்டித் தள்ளினேன். எழுந்து நின்றேன், கூட்டம் கத்தியது. நன்றாகத்தான் இருந்தேன்.

திங்கட்கிழமை அம்மாவிடம் போனில் பேசும்போது எங்கள் நாயின் பெயர் நினைவுக்கு வரவில்லை. குட்டியிலிருந்து நான் வளர்த்த நாய். புதன்கிழமைப் பயிற்சியில் கோச் காட்டிய சைகை ஒன்றும் புரியவில்லை. "இடது பக்கம் போடா, மாங்கா!" என்று டெஸ்மண்ட் கத்திக் காப்பாற்றினான். பயிற்சி முடிந்து வேறொருவனின் லாக்கரைத் திறக்கப் பார்த்தேன். காயங்களைக் கவனிக்கும் மார்லீன் அதைப் பார்த்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை பரீட்சை.

"அறுபத்தொண்ணுதானே? தூங்கிக்கிட்டே எடுத்துடுவ" என்று முதுகில் தட்டி அனுப்பினான் டெஸ்மண்ட்.

மார்லீனின் அறையில் தனியாக உட்கார்ந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த ஒரு தடவை நடிக்கக் கூடாது. உண்மையாக எழுதினால் எண்பதையாவது தாண்டவேண்டும். தாண்டினால் என் தலைக்கு ஒன்றுமில்லை, இந்தப் பயமும் ஒழிந்தது. ஏணி, வெண்ணெய், ஜன்னல் என்று ஒவ்வொரு சொல்லையும் உதட்டுக்குள் முணுமுணுத்துப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் எந்தப் பரீட்சையையும் நான் அவ்வளவு கவனமாக எழுதியதில்லை. சட்டை நனைந்துவிட்டது.

மார்லீன் திரையைப் பார்த்துச் சிரித்தார். "அறுபத்தொண்ணு! ஒரு பாயின்ட்கூடக் குறையலப்பா. சனிக்கிழமை தாராளமா ஆடு."

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

"மேடம், போடாதீங்க. ஆகஸ்ட்ல நான் வேணும்னே தப்பா எழுதினேன்."

அவர் நிமிர்ந்தார். "அப்போ இன்னைக்கு?"

"இன்னைக்கு என்னால முடிஞ்ச அளவுக்கு எழுதினேன்."

மார்லீன் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே டெஸ்மண்ட் கதவைத் தட்டினான். "என்னடா, பாஸ்தானே?"