மழைக்குக் காத்திருந்த எழுத்து

பள்ளி திறக்கும் முதல் நாள், ஒன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யும். வானம் பளிச்சென்று வெளுத்துக் கிடந்தாலும் பெய்யும். மொட்டை மாடியிலிருந்து ஒரு டீச்சர் பூவாளியைக் கவிழ்ப்பார். உள்ளே பிள்ளைகள் "ம! மழை!" என்று கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்துவார்கள். மற்ற பள்ளிகளில் 'அ' முதல் எழுத்து, இங்கே 'ம'. புதுப் பெற்றோர் யாராவது காரணம் கேட்டால் தலைமையாசிரியை சிரித்து மழுப்பிவிடுவார். கீழே கோப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அவருக்கு, அந்தச் சத்தம் கேட்டதும் இடது முழங்கால் லேசாக வலிக்கும். நெஞ்சும்தான்.

அந்தக் காலத்தில் அவர் தலைமையாசிரியை இல்லை, இருபத்திரண்டு வயது சின்ன டீச்சர். அவள் என்றே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேலைக்குச் சேர்ந்த கையோடு அவள் ஒரு சட்டம் போட்டாள். பொருளைக் கண்ணால் பார்க்காமல் எழுத்து கிடையாது. சுவரிலிருந்த படங்களைப் பார்த்துப் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்தன. படத்தைக் கையால் மறைத்தால் திருதிருவென்று முழித்தன. அதனால் படங்களைக் கழற்றிப் பரணில் போட்டாள். உதிர்ந்த இலை ஜன்னலுக்குள் பறந்து வந்த அன்று 'இ'. சுவரோரம் எறும்புகள் வரிசை கட்டிய அன்று 'எ'. பனி விழுந்த காலையில் எல்லோரையும் புல்லில் நிற்க வைத்து 'ப' சொல்லச் சொன்னாள். சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாயிலிருந்தும் புகை புகையாக வந்தது. அந்த எழுத்தை அதற்கப்புறம் ஒருத்தரும் மறக்கவில்லை.

'ம'வுக்கு எதை வைக்கலாம் என்று பிள்ளைகளிடமே கேட்டாள். "மழை!" முப்பத்தொரு காகிதக் கப்பல்கள் அன்றைக்கே தயாராகிவிட்டன. மழைதான் வரவில்லை. மற்ற எழுத்தெல்லாம் முடிந்தது. 'த'வுக்கு வைத்திருந்த தவளையும் மழையை நம்பி இருந்ததால், அதற்குத் தட்டான்பூச்சியைப் பிடித்துச் சமாளித்தாள். 'ம' மட்டும் நின்றது.

இரண்டாம் வகுப்பு டீச்சர் கிண்டலை நிறுத்தவே இல்லை. "மரம் இருக்கு, மண்ணு இருக்கு, மயில் வந்து ஜன்னல்லயே கத்துது. மகாராணிக்கு மழைதான் வேணுமாக்கும்?"

"பசங்ககிட்ட வாக்கு குடுத்துட்டேன்க்கா."

வாக்கும் இருந்தது, வீம்பும் இருந்தது. வீம்புதான் ஒரு பிடி அதிகம்.

ஒரு திங்கட்கிழமை காலை, மெக்கானிக் ஒருவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கோணச்சடையின் அப்பா. அந்தச் சிறுமியின் அம்மா ஏழு வாரமாக வேறு ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பா பின்னிவிடும் சடை திசைக்கு ஒன்றாகப் போனதால் வகுப்பு வைத்த பெயர் அது. கிரீஸ் விரல் பதிந்த ஒரு தாளை அவர் நீட்டினார்.

"அன்புள்ள              , இன்று அப்பா சடை போட்டார். கோணல். நீ எப்போது வருவாய்?"

"ஏழு வாரமா ஏழு லெட்டர் போச்சு டீச்சர், எல்லாத்துலயும் அந்த இடம் காலிதான். நான் எழுதித் தரேன்னா பென்சிலைப் பிடுங்கிக்கிறா. 'டீச்சர் அந்த எழுத்த இன்னும் தரல'ன்னு ஒரே அழுகை. புதன்கிழமை அவங்கம்மாவுக்கு ஆபரேஷன். இது எட்டாவது. மத்தியான தபால்ல போட்டாத்தான் அதுக்குள்ள கையில கிடைக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "ஒருவேளை..." என்றார்.

சின்ன டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. தன் கெட்டிக்காரத்தனமெல்லாம் சேர்ந்து ஒரு குழந்தையிடமிருந்து எந்த வார்த்தையைப் பறித்து வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

வகுப்புக்குள் ஓடினாள். "பசங்களா, மரத்துக்கும் 'ம' தானே? அதை வச்சே இன்னைக்கு..."

"மழைன்னுதானே சொன்னீங்க!" முப்பது குரல்.

கோணச்சடை மட்டும் கத்தவில்லை. "பரவாயில்ல டீச்சர், நான் காத்துக்கிட்டிருக்கேன்," என்றாள்.

அதைத்தான் தாங்க முடியவில்லை. வாட்ச்மேனிடம் பூவாளியைக் கேட்டாள். "குடிக்கவே தண்ணியக் காணோம், இதுல விளையாட்டா?" என்று முணுமுணுத்தபடியே அவர் பூவாளியையும் ஒரு வாளி தண்ணீரையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். பூவாளியை நிரப்பி, கைப்பிடிச் சுவரோரம் எட்டிக் கவிழ்த்தாள். கால் வழுக்கி முழங்கால் தரையில் மோத, மிச்சத் தண்ணீர் முழுக்க அவள் தலையிலேயே கொட்டியது.

நொண்டிக்கொண்டு வகுப்புக்குள் வந்தாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு பையன் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, "மேகமே இல்ல. இது மழையில்ல, டீச்சர்தான் ஊத்துனாங்க," என்றான்.

எல்லோரும் கோணச்சடையைப் பார்த்தார்கள். அவள் டீச்சரை உச்சந்தலை முதல் பாதம் வரை பார்த்தாள்.

"டீச்சர் நனைஞ்சிருக்காங்கல்ல? அப்ப மழைதான்."

தீர்ப்பு ஆகிவிட்டது. ஈரக் கையால் எழுதியதால் சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது. "வாயை மூடிக்கிட்டு சொல்லுங்க," என்றாள். வகுப்பு முழுக்க "ம்ம்ம்" என்று ரீங்கரித்தது. கோணச்சடை நாக்கைத் துருத்திக்கொண்டு, காலி இடத்தில் மெதுவாக எழுதினாள். கோடு கோணல்தான். மத்தியானத் தபாலில் கடிதம் போனது.

அடுத்த வாரம் நிஜ மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. "இது பழைய எழுத்து டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் கப்பல் விடப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து, மெலிந்துபோன ஒரு பெண் கோணச்சடையைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். சடை நேராக இருந்தது. பையிலிருந்து நூல் கட்டிய கடிதக் கட்டு ஒன்றை எடுத்தாள்.

"ஆபரேஷனுக்கு உள்ள போறப்போ கடைசி லெட்டர் கையிலதான் இருந்துச்சு டீச்சர். நர்ஸ் வாங்கி வச்சுக்கிட்டாங்க. முழிச்சதும் அதைத்தான் மொதல்ல கேட்டேன்."

கோணச்சடை அதற்குள் கட்டைப் பிரித்துப் பெஞ்சில் பரப்பியிருந்தாள். பென்சிலைச் சீவிக்கொண்டு, பழைய ஏழு கடிதங்களிலும் காலியாக இருந்த இடத்தை ஒவ்வொன்றாக நிரப்பினாள். யாரும் தடுக்கவில்லை. முடித்ததும் அடுக்கி அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"இப்ப மொதல்லேருந்து படிம்மா," என்றாள்.