லவோன் ஹைட்ஸின் சிவப்பு வாக்கு

"எழுபத்தொண்ணு வாங்கினா எங்க ஸ்கூல்ல பாஸ்தானேப்பா? அப்புறம் ஏன் லவோன் ஆன்ட்டியை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க?"

என் மகள் கிரெட்டா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. ஜூன் மாதத்துப் புதன்கிழமைக் காலை. கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலின் முடிவுகளை வானொலி அப்போதுதான் சொல்லி முடித்திருந்தது. சட்டமன்ற உறுப்பினர் லவோன் ஹைட்ஸ் முப்பத்தெட்டு வாக்குகளில் தோற்றுவிட்டார். நான் கிண்ணத்தில் பாலை ஊற்றிக்கொண்டே இருந்தேன். வழிந்த பிறகுதான் கவனித்தேன். அந்த எழுபத்தொன்றைப் போட்டவன் நான்தான்.

மாநிலத் தலைநகரான பிஸ்மார்க்கில், சட்டமன்றத்துக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் சங்கம் இருந்தது. முதியோர் இல்லங்களில் பெற்றோரை விட்டிருக்கும் குடும்பங்களின் சங்கம். அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சட்டமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூடும். கூடும் ஆண்டுகளில் ஆறு வாக்கெடுப்புகளைத் தேர்ந்தெடுப்போம். எங்கள் பக்கம் வாக்களித்தவருக்கு ஒரு புள்ளி. எல்லாவற்றிலும் முக்கியமான மசோதாவுக்கு மட்டும் இரண்டு. கூட்டி, நூற்றுக்கு எவ்வளவு என்று உறுப்பினர் பெயருக்கு நேரே போட்டு, மதிப்பெண் அட்டையாக அச்சடித்து மாநிலம் முழுக்க அனுப்புவோம். வயதானவர்கள் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்து, வாக்களிக்கப் போகும்போது கைப்பையில் எடுத்துப்போவார்கள். அவர்கள் அந்த அட்டையை நம்பினார்கள்.

அந்த ஆண்டின் இரட்டைப் புள்ளி மசோதாவைக் கொண்டுவந்தவரே லவோன்தான். இரவில் பன்னிரண்டு முதியவர்களுக்கு ஒரு பணியாளராவது இருக்க வேண்டும் என்பது மசோதா. அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். ஒருமுறை முப்பத்தொரு பேருக்கு அவர் ஒருத்தியாக இருந்தபோது, ஒரு பெரியவர் குளியலறையில் விழுந்து இரண்டு மணி நேரம் கிடந்தார். பிழைக்கவில்லை. அந்தப் பெரியவருக்காகத்தான் லவோன் தேர்தலில் நின்றார். இதை அவர் மேடையில் ஒருநாளும் சொன்னதில்லை, என்னிடம் சொல்லியிருக்கிறார்.

வாக்கெடுப்பு நாளில் நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். மசோதா நிறைவேற நாற்பத்தெட்டு வாக்குகள் வேண்டும். பெரிய பலகையில் பச்சை விளக்குகள் நாற்பத்தாறு எரிந்தன, சிவப்பு நாற்பத்தேழு. ஓர் உறுப்பினர் வரவேயில்லை. தோல்வி கண்ணுக்கு முன்னால் நின்றது.

அவையில் ஒரு விதி உண்டு. தோற்ற மசோதாவை மறுநாள் மறுபரிசீலனைக்குக் கொண்டுவரலாம். ஆனால் ஜெயித்த பக்கம் வாக்களித்தவர்தான் அதைக் கேட்க முடியும். ஆகவே மசோதாவைக் காப்பாற்ற நினைக்கிறவர், கடைசி நொடியில் அதற்கு எதிராக வாக்களிக்க வேண்டும்.

எங்கள் சங்கத்திலும் ஒரு விதி உண்டு. வாக்கெடுப்பு நடக்கும்போது ஊழியர் யாரும் உறுப்பினர்களுக்குச் செய்தி அனுப்பக் கூடாது. மீறினால் வேலை போய்விடும்.

நான் போனை எடுத்து எழுதினேன்: "சிவப்புக்கு மாத்துங்க. நாளைக்குத் திரும்பக் கொண்டுவரலாம். எதிர்ப் பக்கத்துல ரெண்டு பேர் எங்கிட்ட பேசியிருக்காங்க, மாறிடுவாங்க."

கீழே லவோன் போனைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மாடத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் பெயருக்கு நேரே இருந்த பச்சை விளக்கு சிவப்பானது.

அன்று மாலை பனிப்புயல் தொடங்கியது. மேற்கே வீட்டுக்குப் போயிருந்த அந்த இரண்டு பேரும் மறுநாள் வந்து சேரவில்லை, நெடுஞ்சாலையையே மூடிவிட்டார்கள். லவோன் எழுந்து மறுபரிசீலனை கேட்டார். அவைத்தலைவர் குரல் வாக்கெடுப்பு நடத்தினார். 'இல்லை' என்ற குரல் ஓங்கியிருந்தது. குரலை யாரும் பெயர் பெயராக எழுதி வைப்பதில்லை. பதிவேட்டில் நின்றது ஒன்றே ஒன்று: லவோன் ஹைட்ஸ், தன் சொந்த மசோதாவுக்கு எதிராக, சிவப்பு.

மே மாதம் அட்டை தயாரானது. எங்கள் தலைவர் ரோஜர் ஸ்டென்பர்கின் மேஜைக்கு அதை எடுத்துப்போனேன்.

"லவோனுக்கு எழுபத்தொண்ணு வருது ரோஜர். அது சரியில்ல. மசோதாவைத் திரும்பக் கொண்டுவரத்தான் அவங்க மாத்தினாங்க."

"தெரியும். நான் ஒண்ணும் பைத்தியக்காரன் இல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா இன்னைக்கு இவங்களுக்கு ஒரு விலக்கு குடுத்தா, நாளைக்கு தொண்ணூத்து நாலு பேரும் ஆளுக்கொரு கதையோட வாசல்ல நிப்பாங்க. என் மாமியாருக்கு உடம்பு சரியில்ல, என் விரல் வழுக்கிடுச்சுன்னு. பலகையில என்ன இருக்கோ அதான் மார்க்."

"இருந்தாலும்..."

"ஒண்ணு கேக்கறேன். நம்ம ஆளுங்க யாராவது அவங்கள மாத்தச் சொன்னாங்களா? அப்படின்னா விஷயம் வேற. நாமளே மாத்தச் சொல்லிட்டு நாமளே மார்க்கக் குறைக்க முடியாது. அச்சடிக்கிறத நிறுத்திடறேன்."

ரோஜர் நேர்மையான மனிதர். உண்மையைச் சொல்ல எனக்கொரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போயிருக்கலாம்.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றேன்.

அட்டை அச்சானது. ஓராண்டு ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த மே மாதம், லவோனின் தொகுதியில் வீட்டுக்கு வீடு வழவழப்பான தாள் ஒன்று வந்தது. 'முதியோரைக் கைவிட்டவர் லவோன் ஹைட்ஸ். முதியோர் சங்கமே போட்ட மார்க்: 71.' கீழே எங்கள் சங்கத்தின் சின்னம். செலவு செய்தவர்கள் இல்லங்களை நடத்தும் முதலாளிகள்; அந்த மசோதாவைத் தோற்கடித்த அதே ஆட்கள்.

லவோன் என்னைக் காப்பிக்கடைக்கு வரச்சொன்னார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. உழைத்துத் தடித்த விரல்கள். தாளை மேஜையில் விரித்தார்.

"போட்டோ நல்லா இருக்குல்ல? என் கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு செலவு பண்ணல."

"லவோன், அந்த மெசேஜ் உங்க போன்ல இருக்குமே. எடுத்து எல்லாருக்கும் காட்டுங்க."

"காட்டினா உன் வேலை?"

நான் தாளை மடிக்கத் தொடங்கினேன்.

"உன் பொண்ணு இன்னும் அந்த இன்ஹேலர் வெச்சுக்கிட்டுத்தான் இருக்காளா?"

"ஆமா."

"வேலை போனா இன்ஷூரன்ஸும் போயிடும். அதுக்கு நான் காரணமா இருக்க மாட்டேன்." முள்கரண்டியால் ருபார்ப் கேக்கை வெட்டி, பாதியை என் தட்டுக்குத் தள்ளினார். "நீயாப் போய்ச் சொன்னா அது வேற. நான் உன்னைக் காட்டிக் குடுக்கறதா இல்ல. பட்டனை அழுத்தினது என் விரல்தானே. சாப்பிடு, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரமும் நான் ஜெபம் செய்தேன். மகளுக்காக, லவோனுக்காக, எனக்குத் தைரியம் வேண்டும் என்று. ஆண்டவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். ஆனால் ரோஜரின் அறை என் மேஜையிலிருந்து பதினான்கு அடி தூரத்தில் இருந்தது, அந்தப் பதினான்கு அடியை எனக்காக ஆண்டவர் நடக்க முடியாது. ஜெபத்தை நான் ஒளிந்துகொள்ளும் இடமாக வைத்துக்கொண்டேன்.

கிரெட்டா அந்தக் கேள்வியைக் கேட்ட காலையில்தான் நடந்தேன். ரோஜர் முழுவதையும் கேட்டார்.

"முப்பத்தெட்டு ஓட்டு. மூணு வாரத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா, நானே வீடு வீடாப் போயி கதவைத் தட்டியிருப்பேன்."

"இப்பவாவது திருத்தி அச்சடிங்க."

"யாருக்கு? அவங்க தோத்தாச்சு." அவர் அட்டையை எடுத்து மேஜையில் போட்டார். "இப்ப திருத்தினா அடுத்த வருஷம் இந்த அட்டையை எவன் நம்புவான்? உன் சாவியை வெச்சுட்டுப் போ ஆர்லென்."

வைத்துவிட்டு வந்தேன். தானியக் கிடங்கில் லாரி எடை பார்க்கும் வேலை கிடைத்தது. என் மனைவி பள்ளிச் சமையலறையில் சேர்ந்தாள். இன்ஷூரன்ஸ் அங்கிருந்து வந்தது. நான் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்கு அதிக வலியைத் தந்தது.

அடுத்த முறை சட்டமன்றம் கூடியபோது இரவுப் பணியாளர் மசோதாவைக் கொண்டுவர யாரும் இல்லை.

லவோன் நாற்பது மைல் தள்ளி, தன் பழைய இல்லத்துக்கே வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று எங்கள் பாஸ்டர்தான் சொன்னார்.

"ஏழு மாசமா ஒரு நாள் லீவு எடுக்கல ஆர்லென். தோள்பட்டை போயிடுச்சு, டாக்டர் வாரத்துக்கு ஒரு நாளாவது படுன்னு சொல்றாரு. அவங்க இடத்துல நிக்க ஆள் வேணுமே. நான் படுத்தா அங்க இருக்கற பெரியவங்களை யார் திருப்பிப் படுக்க வைப்பாங்கன்னு கேக்கறாங்க."

பணியாளர் பயிற்சி எழுபத்தைந்து மணி நேரம். மாலை வகுப்புகளில் முடித்தேன். சான்றிதழோடு அந்த இல்லத்துக்குப் போனபோது மேலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சனிக்கிழமையா கேக்கறீங்க? சனிக்கிழமை யாருமே கேக்க மாட்டாங்களே."

"எனக்கு அதுதான் வேணும். லவோன் ஹைட்ஸ் பாக்கற அறைகள். வர்றது யாருன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்ல வேண்டாம்."

"போலீஸ் கேஸ் எதாவது இருக்கா?"

"இல்ல. இருந்திருந்தா சுலபமா இருந்திருக்கும்."

அவர் சிரித்துவிட்டு, ஆள் கிடைத்தாகிவிட்டது, சனிக்கிழமை வர வேண்டாம் என்று மட்டும் லவோனிடம் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினேன். பதினாறு பேருக்கு நான் ஒருவன். மூன்றாவது அறையில் அல்வின் என்ற பழைய விவசாயி. பார்வை போய்விட்டது, நேற்றைய நாள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். வாயைத் துடைத்தேன்.

"நீ லவோன் இல்லியே" என்றார்.

"இல்ல. அவங்க இன்னைக்குத் தூங்கறாங்க."

"நல்லது" என்றார் அல்வின். அடுத்த வாய் கஞ்சிக்குள் அதை மறந்தும் போனார்.

உள்பக்கமாகக் கதவைச் சாத்தினேன். லவோன் சுவரில் ஒட்டிவைத்திருந்த தாளில் இருந்தபடி, முதுகுப்புண் அழுந்தாமல் அவரை இடப்பக்கம் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்தேன். விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டு, நான்காவது அறைக்குப் போனேன்.