செங்கழுகின் இரண்டாவது மாடல்

செங்கழுகு மோட்டார்ஸுக்கு வயது ஐம்பது என்று வாசலில் பித்தளைப் பலகை சொன்னது. பலகைக்கு வயது ஒன்பது நாள். கம்பெனிக்குப் பதினாலு மாதம். கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் கார்களைப் பிரித்து, மூக்கில் ஒரு கழுகை ஒட்டி வெளியே தள்ளுவதுதான் அங்கே உற்பத்தி. ஒட்டுவதற்கு மூன்று பேர். கழுகு நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பொறியாளர். அவருக்குக் கண்ணாடி மாற்றவேண்டிய காலம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது.

சேர்மன் இதற்கு முன்னால் மசாஜ் நாற்காலி விற்றவர். அதற்கும் முன்னால் தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின். இரண்டும் ஊத்திக்கொண்டன. மூன்றாவது தடவை அவருக்கு ஞானம் பிறந்தது: சரக்கு எப்படி இருந்தால் என்ன, பாரம்பரியம் வேண்டும். அதைத் தயாரித்துக் கொடுக்க ஓர் ஆளை எடுத்தார். பல்பொடிக்கும் பெயின்ட்டுக்கும் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவன். ஆபீசில் எல்லோரும் அவனைக் கதைக்காரன் என்றார்கள். தற்காலிக வேலை. திறப்பு விழா மேடையில் நிரந்தர உத்தரவைக் கையில் கொடுப்பதாகப் பேச்சு.

நாற்பது வயதுக்குள் அவன் ஏழு ஆபீஸ் பார்த்துவிட்டான். ஏழு தடவையும் அம்மாவிடம், "இதுதாம்மா நிரந்தரம்" என்று சொல்லியிருந்தான். எட்டாவது தடவை சொல்லவில்லை. காகிதத்தைக் காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். அந்தக் காகிதத்துக்காகத்தான் சேர்மன் உளறியதற்கெல்லாம் தலையாட்டினான்.

பழைய மாடல்கள் மூன்று வேண்டும் என்றார் சேர்மன். ஒரே மத்தியானத்தில் மூன்றும் பிறந்தன. முதலாவது 'தளிர்', இரண்டு பேர் உட்காரும் குட்டி வண்டி, டாக்டர்கள் தேடித் தேடி வாங்கியது. மூன்றாவது 'கம்பீரம்', நீதிபதிகளுக்கென்றே நீளமாகச் செய்தது. நடுவில் 'வீச்சு'.

"மூணும் ஓஹோன்னு ஓடிச்சுன்னு போட்டா எவனும் நம்பமாட்டான் சார்" என்றான் கதைக்காரன். "ஒண்ணாவது தோத்திருக்கணும். அதை நாமளே ஒத்துக்கணும். அப்பத்தான் மத்த ரெண்டையும் நம்புவாங்க."

சேர்மனுக்கு இது புதிது. மசாஜ் நாற்காலி தோற்றதை அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "எதுல தோத்தோம்?" என்று ரகசியம் கேட்பதுபோல் கேட்டார்.

"பிரேக்ல."

யோசிக்காமல்தான் சொன்னான். கார்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது பிரேக் மட்டும்தான். அவன் அப்பா பஸ் டெப்போவில் முப்பது வருஷம் பிரேக் வேலை பார்த்தவர். சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சு. லைனிங் தேய்ந்தது, டிரம் சூடேறியது, மேனேஜர் வண்டியை விடச் சொல்லிக் கத்தினான், நான் கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டேன். மகன் கொட்டாவி விட்டபடியே கேட்டு வளர்ந்தான். இப்போது அது காசில்லாமல் கைகொடுத்தது. 'மேட்டில் சிங்கம், இறக்கத்தில் யாருக்கும் அடங்காத குதிரை' என்று வீச்சுக்கு ஒரு வரி எழுதி, அதைத் தானே நாலு தடவை படித்து ரசித்தான்.

பிறகு சுவருக்கு முகங்கள் தேவைப்பட்டன. நிறுவனராகச் சேர்மனின் தாத்தா மாட்டப்பட்டார். அவர் குடை ரிப்பேர் செய்தவர், நல்ல மீசை. தலைமைப் பொறியாளருக்குத்தான் முகம் இல்லை. "எங்கப்பா போட்டோ இருக்கு சார், கோட்டு போட்டது" என்று கதைக்காரன் வாய்விட்டான். ஸ்டுடியோக்காரன் இரவல் கொடுத்த கோட்டு அது. உள்ளபடியே அவனுக்கு ஆசைதான். ஆயுசெல்லாம் கிரீஸ் கறையோடு திரிந்த மனுஷர், ஒரு தடவையாவது கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கட்டுமே என்று நினைத்தான். அம்மா படத்தைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "பத்திரமா வச்சுப்பாங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

கம்பெனி வரலாறு என்று அச்சடித்த புத்தகத்தில் பிரேக் பழுதான கதை நாலாம் பக்கத்தில் இருந்தது. தலைமைப் பொறியாளர் ஒன்பதாம் பக்கத்தில். இரண்டையும் எழுதியவன் ஒருவன்தான். சேர்த்து வைத்துப் பார்க்க அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

விழாவுக்குப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், குளிர்பானம் தீரும்வரை இருப்பவர்கள். அம்மா மூன்றாவது வரிசையில், படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். சேர்மன் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். கையில் தடி.

"உங்க வீச்சு வண்டிதான் என் காலை ஒடிச்சது. மேட்டுல சிங்கம் மாதிரி ஏறிச்சு. இறக்கத்துல அடங்காத குதிரை. பிரேக்கே பிடிக்கலை. நாப்பது வருஷமா நொண்டுறேன். பதிலுக்கு ஒரு வண்டி குடுங்க."

கதைக்காரனுக்குத் தன் வாக்கியம் அடையாளம் தெரிந்தது. கிழவரின் சட்டைப் பையில் கம்பெனிப் புத்தகம் மடித்துச் செருகியிருந்ததும் தெரிந்தது. என்ன ஒரு பிறவி என்று நினைத்தான். பொறக்காத வண்டி ஏறி இவனுக்குக் கால் ஒடிந்ததாம்.

சேர்மன் விழித்தார். அப்படி ஒரு வண்டியே இல்லை என்றால் ஐம்பது வருஷமும் போச்சு. இருந்தது என்றால் கால் தலையில் விழுகிறது. மசாஜ் நாற்காலிக்காரனுக்கு மூளை வேலை செய்ய அரை நிமிஷம் பிடித்தது. பிறகு அவர் குரலில் கண்ணீரை வரவழைத்துக்கொண்டார்.

"இந்தக் கம்பெனி எதையும் மறைக்காது. தப்பு நடந்துச்சு. பிரேக் சரியில்லைன்னு தெரிஞ்சும் ஒருத்தர் கையெழுத்துப் போட்டு வண்டியை வெளிய விட்டார்." அவர் விரல் சுவரில் இருந்த தலைமைப் பொறியாளரைக் காட்டியது. "அன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கிட்டோம். நம்ம வரலாற்றை எழுதினவரே இங்க இருக்கார். கேட்டுக்கங்க."

மைக் கதைக்காரன் கைக்கு வந்தது. சேர்மனின் மறு கையில் உறை இருந்தது. உறைமேல் அவன் பெயர் தட்டச்சாகியிருந்தது.

அம்மா எழுந்து நின்றாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, சேர்மனைப் பார்க்கவில்லை. "நீ சொல்லுப்பா. அவரா?" என்றாள்.

இல்லை என்று ஒரு சொல் போதும். அவன் உறையைப் பார்த்தான்.

"பதிவுல அப்படித்தான் இருக்கு" என்றான்.

கைதட்டல் எழுந்தது. தவறை ஒத்துக்கொண்ட கம்பெனிக்காக ஒரு பத்திரிகைக்காரர் நின்றே தட்டினார். கிழவர் சேர்மனோடு படம் எடுத்துக்கொள்ள விறுவிறுவென்று மேடை ஏறினார். வலது கையில் இருந்த தடி இடது கைக்கு மாறியதை யாரும் கவனிக்கவில்லை. கதைக்காரன் உறையை வாங்கிக்கொண்டான். அவன் திரும்பிப் பார்த்தபோது அப்பா படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலி.

வீட்டுக்குப் போக அவனுக்குக் கால் வரவில்லை. ஆனாலும் போனான். அப்பா பழைய இடத்தில், பழைய ஆணியில் இருந்தார். இரவல் கோட்டு, கொஞ்சம் கோணலான காலர். அம்மா தட்டு வைத்துச் சோறு போட்டாள். அவள் முகத்தில் அழுத தடம் எதுவும் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. ஏதாவது திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது.

அவன் இரண்டாவது வாய் எடுக்கும்போது அவள் கேட்டாள்.

"அப்பாவுக்கு வேலை போயிடுச்சு. உனக்கு நிரந்தரமாயிடுச்சா?"