இரண்டு மாப்பிள்ளைகள் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர்

அந்த வீட்டில் எது மக்கர் செய்தாலும் முதலில் ஒலிப்பது மூத்த மாப்பிள்ளையின் போன்தான். கீபோர்டில் ஓர் எழுத்து அழுந்தவில்லை, பிரிண்டர் காகிதத்தைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, எதுவானாலும் சரி. "இருங்க, நான் வந்து பாக்கறேன்" என்று அலுத்துக்கொண்டே வருவார். அந்த அலுப்பு எவ்வளவு இனிப்பு என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் வேலை பார்த்த வங்கியில் அவர் சொல்லை மேனேஜரும் கேட்பதில்லை, வாசல் காவலரும் கேட்பதில்லை. மாமனார் வீட்டில் மட்டும் அவர் வைத்ததுதான் சட்டம்.

அப்புறம் இளைய மகளுக்குக் கல்யாணம் ஆனது. வந்த மாப்பிள்ளைக்கும் இதே கம்ப்யூட்டர் வியாதி. வேறு எதிலாவது கெட்டிக்காரனாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா? பாட்டுப் பாடட்டும், தோட்டம் போடட்டும், யார் வேண்டாம் என்றது? அதிலும் அவன் அலட்டிக்கொள்ளாதவன். கேட்டால்தான் பேசுவான். மூத்தவருக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. அலட்டுகிறவனாக இருந்தால் மட்டம் தட்டலாம். வாயே திறக்காதவனை எங்கே தட்டுவது?

மாமனார் வீடுகளுக்கு பிளான் வரைகிறவர். அவருடைய பழைய மெஷினில் ஒரு மாடி வீட்டைத் திறந்துவிட்டு, எழுந்துபோய்க் குளித்துவிட்டே வரலாம். அப்போதும் மாடிப்படி வந்திருக்காது. பாகங்களை வாங்கிப் புதிதாக ஒன்று சேர்த்துப் போடுவது என்று முடிவானது. சாப்பாட்டு மேசையில் அவர் பேச்சை எடுத்தபோது மூத்தவர் ஏற்கெனவே சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவிவிட்டார். ஆனால் மாமனாரின் பார்வை அவர்மேல் வந்து நிற்கவில்லை. அவரைத் தொட்டுவிட்டு, அடுத்த நாற்காலிக்கும் போனது.

"நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க மாப்பிள்ளை. எந்தக் கடையில வாங்கலாம்?"

ரெண்டு பேரும். மூத்தவர் பேனாவைத் திரும்பச் சட்டைப்பையில் செருகினார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு மாமா? நம்ம சீல்காரர் இருக்காரே" என்றார். சீல்காரர் என்பது அவர் வைத்த பெயர். அந்தக் கடைக்காரர் பெட்டியின் சீலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, வாங்க வந்தவர் கையாலேயே கிழிக்கச் சொல்வார். ஒருமுறை திறந்து மறுபடி ஒட்டிய பெட்டி அந்தக் கடையில் படியேறியதே கிடையாது.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று இளையவரிடமும் கேட்டார் மாமனார்.

"அண்ணன் சொல்ற கடை நல்ல கடையாத்தான் இருக்கும் மாமா. நான் வழக்கமா வாங்கறது பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்கற பெரிய கடை. பில்லுல ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் போட்டுத் தருவாங்க. எதுவும் பிடிக்கலன்னா ஒரு வாரத்துக்குள்ள திருப்பிக் குடுக்கலாம்."

"நெட்டுல அந்தக் கடையைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கானுங்களே தம்பி" என்றார் மூத்தவர், சிரித்த முகமாக.

"ஆமாண்ணா, நான் அதைத்தான் முதல்ல படிப்பேன். புகழ்றதைக் காசு குடுத்துக்கூட எழுத வச்சிடலாம். திட்டினவங்களுக்குக் கடை என்ன பதில் சொல்லிச்சு, மாத்திக் குடுத்துச்சான்னு பாத்தா போதும்."

மாமனார் தலையை மேலும் கீழும் ஆட்டினார். மூத்தவர் பத்து வருஷமாக எத்தனையோ சொல்லியிருக்கிறார். அந்தத் தலை அப்படி ஆடியதில்லை. அவன் சொன்னது சரி என்று மூத்தவருக்கே தெரிந்தது. அதுதான் இன்னும் பொறுக்கவில்லை.

மாமனார் நியாயஸ்தர். அளவுகோலோடு வாழ்ந்தவர். இரண்டு மகள்களுக்கும் ஒரே நீளத்தில் செயின் போட்டவர், இதிலும் சமபங்கு வைத்தார். மதர்போர்டும் மெமரியும் மூத்த மாப்பிள்ளை கடையில். அந்த போர்டில் உட்காரும் பிராசஸரும் மற்றதும் இளைய மாப்பிள்ளை கடையில். யாருக்கும் மனக்குறை வேண்டாம்.

கிளம்பும்போது இளையவர் கேட்டார். "அண்ணா, போர்டு எந்த மாடல்னு சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி வாங்கிடுவேன்."

"அதெல்லாம் என் ஆள் பாத்துக்குவாரு. நீ எது வாங்கினாலும் சேரும்" என்றார் மூத்தவர். ஆனாலும் அவன் எதை வாங்கினான் என்று அன்று மாலையே போன் போட்டு விசாரித்துக்கொண்டார். புத்தம் புதிதாக வந்த மாடல். மூத்தவர் எப்போதும் போடுவது அதற்கு முந்தையது.

மறுநாள் சீல்காரரின் குறுகிய மாடிப்படியில் ஏறினார். சீல்காரர் எந்தச் சாமானையும் எடுத்துக் கொடுப்பதற்குமுன் ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் வராமல் அலமாரிப் பக்கமே திரும்பமாட்டார்.

"இது எதோட சேரப் போவுது சார்? பிராசஸர் என்ன?"

உண்மையைச் சொன்னால், 'அதை எங்கே வாங்கினீங்க, நம்மகிட்டயே இருக்கே' என்பார். அந்தப் பெரிய கடையின் பெயரை இந்த மேசைமுன் உச்சரிக்க வேண்டும். நேற்று வந்த பையன் பேச்சு எங்கள் வீட்டில் எடுபட்டுவிட்டது என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

"நான் எப்பவும் போடறதுதான்" என்று பழைய மாடலின் பெயரைச் சொன்னார்.

"அப்படின்னா இந்த போர்டு கச்சிதமா இருக்கும்" என்று சீல்காரர் ஒரு பெட்டியை எடுத்து விளக்கின்கீழ் பிடித்தார். சீலை மூத்தவர் கிழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரின் வேலை அறையில் இரண்டு மாப்பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து மெஷினைச் சேர்த்தார்கள். வீடே கதவருகே நின்றது. மாமியார் காபி கொண்டுவந்து முதல் டம்ளரை இளையவரிடம் நீட்டினார். அவர்தான் பக்கத்தில் இருந்தார். மூத்தவர் கணக்கில் அது பக்கத்தில் இருந்ததால் நடந்ததல்ல. கடைசித் திருகையும் முறுக்கி சுவிட்சைப் போட்டார்கள். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கழற்றி மாட்டினார்கள். அப்போதும் கறுப்புதான்.

மூத்தவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. "பிராசஸர் போலி மாமா" என்றார். "பளபளன்னு கண்ணாடி போட்டுக் கடை வச்சா போதுமா? மின்னுவதெல்லாம் பொன்னாயிடுமா?"

இளையவரின் முகம் சிறுத்துப்போனது. பிராசஸரைக் கழற்றி எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கே போனார். அவர் போயிருந்த நேரம் முழுவதும் மூத்தவர் அத்தனை உற்சாகமாக இருந்தார். கேட்காமலே மாமியாருக்கு மிக்ஸியின் வயரைக்கூட மாற்றிக் கொடுத்தார். இளையவர் திரும்பி வந்தார்.

"அவங்க மெஷின்ல நல்லா ஓடுது மாமா. என் கண்ணு முன்னாலதான் போட்டுக் காட்டினாங்க."

"அப்ப போர்டுதான் கோளாறா?" என்று மாமனார் மூத்தவரைப் பார்த்தார்.

"சீல்காரர் சரக்குல கோளாறா? இருக்கவே இருக்காது."

"சரி. ரெண்டு பேருமா எடுத்துட்டுப் போய் அவர்கிட்டயே காட்டிடுங்க."

ரெண்டு பேருமா. வேலை இருக்கிறது, நாளைக்கு நான் மட்டும் போகிறேன் என்று மூத்தவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை.

சீல்காரர் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், சிரித்துவிட்டார்.

"சார், நீங்க என்கிட்ட சொன்னது ஒண்ணு, இதுல உக்காந்திருக்கறது இன்னொண்ணு. பழைய மாடலுன்னு பேர் சொல்லித்தானே வாங்கினீங்க? இது புதுசு. இந்த போர்டுக்கு இதை யாருன்னே தெரியாது. அப்டேட் பண்ணி அறிமுகப்படுத்தணும். அன்னைக்கே சொல்லியிருந்தா இங்கயே பண்ணிக் குடுத்திருப்பேனே!"

மூத்தவர் அலமாரியிலிருந்த பெட்டிகளைப் படிக்க ஆரம்பித்தார். காது மடல் கொதித்தது. பக்கத்தில் நிற்கிறவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். மாடல் பெயர் அவருக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அதைப் போனில் கேட்டு வாங்கிக்கொண்டது அவர்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

சீல்காரர் தன்னிடமிருந்த பழைய பிராசஸரை மாட்டி, போர்டை அப்டேட் செய்து, மறுபடி புதியதை வைத்தார். திரை வெளிச்சமானது. "டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதும்பாங்க. எங்களையும் அதுல சேத்துக்கங்க சார்" என்றார். செய்த வேலைக்குக் காசு வாங்கவில்லை.

திரும்பும் வழியில் இளையவர் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். ஏதாவது கேட்டுத் தொலைக்க மாட்டானா என்றிருந்தது மூத்தவருக்கு. ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டால் சண்டையாவது போடலாம்.

வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். மெஷின் ஓடியது. மாடி வீடு சட்டென்று படியோடு வந்து நின்றது. "என்னதான் கோளாறு?" என்று கேட்டார் மாமனார்.

மூத்தவர் குனிந்து, சரியாகவே இருந்த ஒரு வயரை மறுபடி அழுத்தி வைத்தார்.

"தப்பு என் மேலதான் மாமா" என்றார் இளையவர். "போர்டு எதுன்னு தெரிஞ்சுக்காம ரொம்பப் புதுசா ஒண்ணை வாங்கிட்டேன். அண்ணனோட கடைக்காரர்தான் சரி பண்ணிக் குடுத்தாரு. அருமையான மனுஷன்."

ஒரு நொடி மூத்தவருக்கு உயிர் வந்தது. தப்பித்தோம், நம் கடைக்கும் நல்ல பெயர். அடுத்த நொடியே மாமனார் எழுந்து இளையவரின் தோளில் கை வைத்தார்.

"தப்புன்னா தப்புன்னு சொல்றவனைத்தான் மாப்பிள்ளை நம்பலாம். கடைன்னாலும் அதான், மனுஷன்னாலும் அதான். இனிமே எது வாங்கறதா இருந்தாலும் உங்களைக் கேட்டே வாங்கிக்கறேன்." பிறகு மூத்தவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் அலைச்சல் மிச்சம், என்ன சொல்றீங்க?"

"சரிதான் மாமா" என்றார் மூத்தவர்.

வீட்டுக்கு நடந்து போகும்போது அவர் மனைவி தங்கையின் கணவனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். "எவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்டாரு பாத்தீங்களா? அதுக்கெல்லாம் ஒரு மனசு வேணுங்க. உங்களுக்கு சாகற வரைக்கும் வராது."

வராது என்று அவள் சொன்னது பொய் என்று காட்டிவிடலாம். ஒரே வாக்கியம் போதும். 'தப்பு அவன் மேல இல்ல, என் மேலதான்' என்றால் அவள் அசந்து நின்றுவிடுவாள். மாமனார் வீட்டுக்கும் செய்தி போய்விடும். போனதெல்லாம் திரும்பக்கூட வரலாம். அந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. கூடவே, மடியில் மெஷினை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்த அந்த முகமும் வந்தது.

"நடிக்கிறான்" என்றார்.