தடை செய்யப்பட்ட சொல்

அந்தப் பள்ளிக்கூடத்து அறிவியல் ஆய்வகத்தில் சனிக்கிழமைகளில் ஒரே ஒரு சட்டம்தான் அமலில் இருந்தது. 'முடியாது' என்று யாரும் சொல்லக் கூடாது. வாய் தவறிச் சொன்னால், சொன்னவள் மேசை மேல் ஏறி நின்று, தன்னால் முடிகிற காரியம் ஒன்றைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். சட்டம் போட்டவள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவள். ஏழாம் வகுப்புப் பெண்களுக்குத் தைரியம் சொல்லித்தர வாராவாரம் வருகிறவள். பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் நெட்டை அக்கா. தைரியம் என்ன வாய்ப்பாடா, சொல்லித்தர என்று அவள் அப்பா கேலி செய்தார். அவர் கேலி செய்யாத விஷயமே வீட்டில் கிடையாது என்பதால் அவள் கண்டுகொள்ளவில்லை.

சட்டம் பிறந்ததே குழாயால்தான். குழாய் என்பது வகுப்பு ஒரு பெண்ணுக்குச் சூட்டியிருந்த பட்டம். கரும்பலகைப் பக்கம் கூப்பிட்டாலே அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டும். முதல் நாள் பெயரைக் கேட்டதற்கே, "என்னால முடியாதுக்கா" என்று அழுதாள். நெட்டை அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பட்டம் வைத்த புண்ணியவதிகள் மேல்.

மேசை மேல் அதிகம் ஏறியவளும் அந்தச் சின்னவள்தான். முதல் தடவை ஏறி நின்று கொஞ்சம் அழுது முடித்துவிட்டு, "எனக்கு சைக்கிள் பஞ்சர் ஒட்டத் தெரியும்" என்றாள். அவள் அப்பாவுக்கு சைக்கிள் கடை. சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்; பாதிப் பேர் சைக்கிளில் வருகிறவர்கள். அடுத்த வாரத்திலிருந்து, "என் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பாரேன்" என்று ஒவ்வொருத்தியாக அவளைத் தேடி வந்தார்கள். பட்டம் தானாக உதிர்ந்தது. ஒரு நாள் கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டு, எல்லாரும் பார்க்க நின்று, அதைத் திருத்தியும் போட்டாள்.

நெட்டை அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பெருமை வாயைச் சும்மா விடுமா? கல்லூரி சார்பில் இந்தச் சனிக்கிழமைத் திட்டத்தை நடத்தும் பேராசிரியையிடம் ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள்.

"நிறைவு விழாவுல அந்தப் பொண்ணு பேசட்டும்மா" என்றார் பேராசிரியை. "எப்படி அழுதுட்டிருந்தா, இப்ப எப்படி மாறினான்னு அவ வாயாலயே சொல்லட்டும். காலேஜ் நிர்வாகத்துல இருந்து வர்றாங்க. அதைக் கேட்டாதான் அடுத்த வருஷமும் இது நடக்கும். இல்லேன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்."

நெட்டை அக்கா தலையாட்டிவிட்டு வந்தாள். பேராசிரியையிடம் அவளுக்கு அப்படித்தான் பழக்கம்.

விழா அன்று விஷயத்தைச் சொன்னபோது, சின்னவள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"முடி..." என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். சட்டம் சட்டம்தானே. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி வேறு சொல் தேடினாள்.

"என்னால முடியும்க்கா. ஆனா மாட்டேன்."

'முடியாது', 'மாட்டேன்' என்ற இரண்டு சொல்லுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருப்பது, சட்டம் போட்ட அன்றைக்கு நெட்டை அக்காவுக்குத் தோன்றவே இல்லை.

"ஏன்டா கண்ணு?"

"இப்பதான் எல்லாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. நானே மைக்ல போய் அழுமூஞ்சியா இருந்தேன்னு சொன்னா, நாளையில இருந்து மறுபடியும் குழாய்தான். அதை யார்கிட்ட சொல்றதுன்னு நான்தான்க்கா பாத்துக்கணும்."

சுருக்கென்று தைத்தது. கெஞ்சினால் இந்தப் பெண் ஒத்துக்கொள்வாள். அக்காவின் முகம் வாடினால் தாங்க மாட்டாள். அதனாலேயே நெட்டை அக்கா கெஞ்சவில்லை. நேரே பேராசிரியையிடம் போனாள்.

"அவ பேச மாட்டாளாம் மேடம். நானும் வற்புறுத்தப் போறதில்ல."

பேராசிரியையின் முகம் சிவந்தது. "அப்ப இத்தனை மாசமா என்னத்தைச் சொல்லிக் குடுத்தே? வந்தவங்ககிட்ட எதைக் காட்டுறது?"

நெட்டை அக்கா குரலைக் கலங்க விடவில்லை. "நீங்களே போய்க் கேட்டுப் பாருங்க மேடம், என்ன சொல்லிக் குடுத்தேன்னு தெரியும்."

பேராசிரியை விறுவிறுவென்று போனார். நிர்வாகத்திலிருந்து வந்திருந்த அம்மாவும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே போனார். கல்லூரியே நடுங்கும் அந்தக் குரலில் கேள்வி வந்ததும், சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நெட்டை அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளியே நின்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. சின்னவள் அதைத் துடைக்கவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை.

"மன்னிச்சுக்கோங்க மேடம். அதைப் பேச மாட்டேன். வேற எந்த வேலைனாலும் குடுங்க, செய்றேன்."

பேராசிரியை மறுபடி வாயெடுத்தார். நிர்வாகத்து அம்மா அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"விடுங்க. இந்த வயசுலயும் எனக்கு இப்படி முகத்தைப் பாத்து மாட்டேன்னு சொல்ல வராது. அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பையும் சேத்துக்கோங்க." பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார். "நான் எங்கம்மா உட்காரணும்?"

"முதல் வரிசைல. ஓரத்து நாற்காலி மட்டும் வேண்டாம், அதுக்குக் கால் ஆடும்."

அவர் மறுபேச்சில்லாமல் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பேராசிரியை எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஒரு நொடி நின்றார். சின்னவள் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அவருக்கும் இடத்தைக் காட்டினாள்.