சுவரில் தொங்கிய இரண்டு வாள்கள்

பட்டாளத்தில் லீவு கிடைக்காத மாப்பிள்ளைக்குப் பதிலாக வாள் வந்தது. எங்கள் ராஜபுத்திரர்களிடையே அது ஒன்றும் புதுசில்லை. மாப்பிள்ளையின் வாளோடு முந்தானையை முடிந்து அக்னியைச் சுற்றிவிட்டால் கல்யாணம் கல்யாணம்தான். மாப்பிள்ளை டூங்கர் சிங்கின் போட்டோவை ஒரு வருஷமாகப் பெட்டிக்குள் ஒளித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்த இரும்பின்மேல்கூட எனக்கு ஆசை வந்தது.

புகுந்த வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற மாமியார், வாளைப் பார்த்ததும் அலறினாள். "அட படுபாவி! இது பெரியவனோட வாள்டா! சுவத்துல ரெண்டு தொங்கினா, எதுன்னு ஒரு வார்த்தை கேட்டு எடுக்க மாட்டியா?"

வாளைச் சுமந்துவந்த மூல் சிங், அவள் கொழுந்தனின் மகன், தலையைச் சொறிந்தான். "உறை ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு பெரியம்மா."

பெரியவர் போம் சிங் என் மாப்பிள்ளையின் அண்ணன். பெண்டாட்டியை இழந்தவர். புரோகிதர் யோசிக்கவே இல்லை. "வாள் யாருதோ, பொண்ணு அவருக்குத்தான்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். நாலு நாள் வெளிக்கட்டில் ஆண்கள் ஹுக்கா இழுத்தபடி என்னைப் பற்றிப் பேசினார்கள். என்னிடம் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. எனக்கானால் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கு நடுவிலும், யார் இந்த போம் சிங், ஆள் எப்படி இருப்பார் என்று மனசு குறுகுறுத்தது, வெட்கங்கெட்ட மனசு.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவரே என் அறைத் திரைக்கு வெளியே வந்து நின்றார்.

"பயப்படாதீங்க. சாஸ்திரம் என் பக்கம்ங்கிறாங்க. உங்க மனசு தெரியாம நான் சரின்னு சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

நல்ல குரல். பதில் சொல்லத்தான் வழியில்லை. எங்கள் வீடுகளில் கணவனின் அண்ணனோடு பெண்கள் பேசுவதும் கிடையாது, முக்காட்டை விலக்கி முகம் பார்ப்பதும் கிடையாது. வாயைத் திறந்தால் அவரையே புருஷனாக ஏற்றதாகிவிடும். திறக்காவிட்டால் எனக்கு இஷ்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். போட்டோவில் இருந்தவர் எல்லையில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

எழுந்து திரையை விலக்கினேன். முகத்தை மறைக்காமல் அவரை முழுசாகப் பார்த்தேன். மீசையில் நரை, கண்ணில் தம்பியின் சாயல். இனி ஆயுசுக்கும் பார்க்க முடியாத முகம் என்பதால் நிதானமாகவே பார்த்தேன். அந்த முகத்தில் சிரிப்பு அரும்பத் தொடங்கியபோது, கணவனின் அண்ணனுக்கு முன்னால் இழுத்துக்கொள்கிற அளவுக்கு, முக்காட்டை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

துணிக்குக் கீழே அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. ரொம்ப நேரம் அவை நகரவே இல்லை.